குறைந்த பணத்தில் கேமிங் கணினி: கொழும்பில் முதன்முறையாக வாங்குவோருக்கு

கேமிங் கணினி வாங்க நினைப்பவர் கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு விடயங்களை எழுதிக்கொள்ள வேண்டும். தான் விளையாடப் போகும் கேம்கள் எவை என்பது ஒன்று. மொனிட்டர், கீபோர்ட், யூபிஎஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கையில் உள்ள பணம் எவ்வளவு என்பது மற்றொன்று. இந்த இரண்டும் தெளிவாக இல்லாமல் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குள் நுழைபவர்கள், கண்ணாடிக் கேஸிங்குக்குள் பல நிறங்களில் சுழலும் விசிறிகளைப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமலே முற்பணம் கட்டிவிட்டுத் திரும்புவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். சாதாரண தரப் பரீட்சை முடித்த பிள்ளைக்கென்று பெற்றோர் மாதக்கணக்கில் சேர்த்த பணம் விளக்குகளுக்குச் செலவாகிப் போவது மிகவும் வருத்தத்துக்குரியது. அந்தப் பணம் எங்கே போக வேண்டும், எங்கே போகக் கூடாது என்பதைப் படிப்படியாக இங்கே சொல்கிறேன்.

முதற்படி: எந்தக் கேம், எந்தத் திரை

வலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2, மைன்கிராப்ட், ரோப்லொக்ஸ் போன்றவைதான் உங்கள் பட்டியலில் இருக்கின்றன என்றால், தனியாகக் கிராபிக்ஸ் கார்ட் (கேமின் காட்சிகளை வரையும் தனிப் பலகை) இல்லாமலே தொடங்க முடியும். 2015இல் கணினிக்கு வந்த ஜிடிஏ 5 கூட, அமைப்புகளைச் சற்றுக் குறைத்தால் அப்படி ஓடிவிடும். இன்றும் நம் வீடுகளில் விரும்பி விளையாடப்படும் ஈஏ கிரிக்கெட் 07க்கு எந்தக் கணினியும் போதும். ஆனால் அண்மைக் காலத்துப் பெரிய கேம்களின் நிலை வேறு. 2024 டிசம்பரில் வெளியான இண்டியானா ஜோன்ஸ் கேமும், 2025 மே மாதம் வெளியான டூம்: த டார்க் ஏஜஸும், ரே டிரேசிங் வசதி (ஒளியும் நிழலும் விழும் விதத்தைக் கணக்கிட்டு வரைவது) சிப்பிலேயே உள்ள கிராபிக்ஸ் கார்ட் இல்லாவிட்டால் ஓடுவதில்லை. இப்படியான கேம்கள் இனிக் கூடிக்கொண்டே போகும். ஆகவே பழைய கார்ட் ஒன்றை மலிவாகக் கண்டதும் வாங்கிவிடாமல், உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு கேமுக்கும் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையிலோ அந்தக் கேமின் சொந்தத் தளத்திலோ தரப்பட்டிருக்கும் குறைந்தபட்சத் தேவையை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

திரையைப் பொறுத்தவரை, கையில் பணம் குறைவாக உள்ளவருக்கு 1080பி (1920 x 1080 புள்ளிகள்) மொனிட்டர்தான் சரியான தெரிவு. 4கே திரையில் அதே கேமை ஓட்டக் கார்ட் நான்கு மடங்கு புள்ளிகளை வரைய வேண்டியிருப்பதால், திரையில் செலவழித்த பணத்தின் சுமை மறுபடியும் கார்ட்டின் தலையில்தான் விழும். வீட்டில் எச்டிஎம்ஐ இணைப்புள்ள தொலைக்காட்சி இருந்தால் முதல் சில மாதங்களுக்கு அதையே பயன்படுத்திக்கொண்டு, மொனிட்டருக்கான பணத்தைக் கணினிக்குள் போடுவது நல்ல யோசனை.

இரண்டாம் படி: பணத்தைப் பிரித்தல்

கணினிப் பெட்டிக்கென ஒதுக்கிய தொகையில் ஏறத்தாழ நாற்பது வீதம் கிராபிக்ஸ் கார்ட்டுக்குப் போக வேண்டும் என்பது என் கணிப்பு. கேமில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. புரொசசருக்கும் மதர்போர்டுக்கும் அடுத்த பங்கு. கேஸிங்குக்குக் கடைசிப் பங்கு. முன்பக்கம் காற்றுப் புகும் வலை உள்ள, பார்வைக்குச் சாதாரணமான கேஸிங்கே போதும். முன்பக்கத்தைக் கண்ணாடியால் முழுவதும் அடைத்த கேஸிங் நம் வெப்பத்துக்குப் பொருந்தாது.

இங்கே நான் ரூபாய் விலைகளைத் தராததற்குக் காரணம் உண்டு. இறக்குமதிப் பொருள் என்பதால் ஒவ்வொரு பாகத்தின் விலையும் டொலரைப் பின்தொடர்கிறது. 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்க விடப்பட்டபோது இருநூறு ரூபாயளவில் இருந்த டொலர், சில வாரங்களுக்குள் முந்நூற்றைம்பதைத் தாண்டியது. அன்று கடைகள் விலைப்பட்டியல் ஒட்டுவதையே நிறுத்தியிருந்தது பலருக்கு நினைவிருக்கும். 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. 2025இன் கடைசி மாதங்களிலிருந்து, செயற்கை நுண்ணறிவு நிலையங்களுக்காக நினைவகச் சிப்கள் பெருமளவில் வாங்கப்படுவதால், உலகெங்கும் ராம் (கணினியின் தற்காலிக நினைவகம்) விலை கடுமையாக ஏறியது. கிருஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு ராம் விற்றுவந்த மைக்ரோன் நிறுவனம் அந்த வியாபாரத்தையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே ஆறு மாதத்துக்கு முந்தைய யூடியூப் காணொளியில் சொன்ன விலையை நம்பிப் பட்ஜெட் போட வேண்டாம். ஒரே நாளில் மூன்று கடைகளில் எழுத்தில் விலை கேட்டு, அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். அதுவே உங்களுக்கான உண்மையான சந்தை விலை.

மூன்றாம் படி: எந்த வழியில் போவது

மூன்று வழிகள் உள்ளன. மூன்றில் நான் அதிகம் பரிந்துரைப்பது முதலாவது: இன்று கார்ட் இல்லாமல் தொடங்கி, பணம் சேர்ந்ததும் கார்ட் போட்டுக்கொள்வது. இதற்கு ஏற்ற புரொசசர் ஏஎம்டி ரைசன் 5 5600ஜி. ஆறு கோர்களும் அதனுள்ளேயே கிராபிக்ஸும் கொண்ட இதை ஏஎம்4 வகை மதர்போர்டில், டிடிஆர்4 வகை ராமுடன் பயன்படுத்தலாம். மேலே சொன்ன இலகுவான கேம்கள் இதில் நன்றாக ஓடும். பிள்ளையின் படிப்பு வேலைகளும் நடக்கும். ஒரு வருடம் கழித்து 8 ஜிபி கார்ட் ஒன்றைச் செருகினால் அதே பெட்டி முழுமையான கேமிங் கணினியாகிவிடும். இதில் ஒரு குறை இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜி எழுத்து இல்லாத 5600ஐ விட இதன் கேஷ் (புரொசசருக்குள்ளேயே உள்ள அதிவேகச் சிறு நினைவகம்) பாதியளவுதான். கார்ட் போட்ட பிறகு சில கேம்களில் அந்த வேறுபாடு தெரியும். ஆனால் இன்று பணமில்லாதவருக்கு அது ஏற்றுக்கொள்ளக்கூடிய குறைதான்.

இரண்டாம் வழி, தொடக்கத்திலேயே கார்ட் போட்டு வாங்குவது. ரைசன் 5 5500, அல்லது இன்டெல் ஐ3 12100எஃப் போன்ற புரொசசருடன் ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600 கார்ட்டைச் சேர்த்தால், 1080பி திரையில் பெரும்பாலான கேம்களை நிறைவாக விளையாடலாம். 8 ஜிபி நினைவகமும் ரே டிரேசிங் வசதியும் அதில் உண்டு. மின்சாரத் தேவையும் 132 வொட்தான். இன்டெல் பெயரின் முடிவில் வரும் எஃப் என்ற எழுத்துக்கு, உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்று பொருள். கார்ட் பழுதானால் திரையில் எதுவும் தெரியாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மலிவாக இருக்கிறதென்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்ட்டைச் சிலர் காட்டுவார்கள். அதில் 4 ஜிபி நினைவகமே உண்டு. மதர்போர்டுடன் பேச நான்கு பாதைகளை மட்டுமே அது பயன்படுத்துவதால் பழைய போர்டுகளில் இன்னும் மெதுவாகிவிடும். அதைத் தவிர்த்துவிடுங்கள்.

மூன்றாம் வழி, அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலிட்டெஸ்க் போன்ற கணினிகளை வாங்கி அவற்றில் கார்ட் போடுவது. மிகக் குறைந்த பணத்தில் ஒரு கணினி வேண்டும் என்பவருக்கு இது உதவும், ஆனால் மூன்று நிபந்தனைகளின் பேரில். புரொசசர் குறைந்தது இன்டெல் எட்டாம் தலைமுறையாக, உதாரணமாக ஐ5 8500 ஆக, இருக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 அதற்கு முந்தைய தலைமுறைகளை ஏற்பதில்லை, வலோரன்ட்டும் விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாமல் திறக்காது. அடுத்து, பெட்டி முழு உயரமுள்ள டவராக இருக்க வேண்டும். ஒல்லியான சிறிய பெட்டிக்குள் சாதாரணக் கார்ட் நுழையாது. கடைசியாக, இந்தக் கணினிகளின் பவர் சப்ளையில் கார்ட்டுக்கென்று தனி வயர் பெரும்பாலும் இருக்காது என்பதால், மதர்போர்டின் துளையிலிருந்து கிடைக்கும் 75 வொட்டுக்குள் இயங்கும் கார்ட்தான் வேண்டும். 70 வொட்டில் இயங்கும் ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை இதற்குப் பொருந்தும்.

ஒரு சொல் விளம்பரங்களைப் பற்றி. "கோர் ஐ7, 16 ஜிபி, கேமிங் பிசி" என்று மட்டும் எழுதியிருந்தால் அது எதையும் சொல்லவில்லை. ஐ7 2600 என்பது 2011இல் வந்த புரொசசர். இன்றைய ஐ3 ஒன்று அதை எளிதில் முந்திவிடும். முழு எண்ணையும் கேளுங்கள். இன்டெல் எண்ணில் கடைசி மூன்று இலக்கங்களுக்கு முன்னால் இருப்பது தலைமுறை எண்: 2600 என்றால் இரண்டு, 8500 என்றால் எட்டு, 12100 என்றால் பன்னிரண்டு.

நான்காம் படி: குறைக்கக் கூடாத இடங்கள்

கேஸிங்குடன் இலவசமாக வரும் பவர் சப்ளையை ஒருபோதும் ஏற்க வேண்டாம். இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம், பழுதாகும்போது தன்னோடு மற்றப் பாகங்களையும் கூட்டிக்கொண்டு போகக்கூடிய பாகம் இது ஒன்றுதான். கடையில் பெட்டியைத் திறந்து, பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். மேலே பெரிய எழுத்தில் 500 வொட் என்றிருக்கும். அதை விட்டுவிட்டு, 12 வோல்ட் என்ற நிரலின் கீழ் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது என்று தேடி, அந்த எண்ணைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். 40 ஆம்பியர் என்றால் 480 வொட். சொன்னதற்கு ஏறக்குறைய நேர்மையாக இருக்கிறது. 18 ஆம்பியர் என்றால் 216 வொட்தான். மேலே எழுதியிருப்பது வெறும் அலங்காரம். கார்ட்டும் புரொசசரும் தங்கள் மின்சாரத்தை இந்த 12 வோல்ட் வரியிலிருந்துதான் எடுக்கின்றன. "தம்பி, எல்லாரும் இதைத்தான் போடுறாங்க, ஒண்டும் ஆகாது" என்று கடைக்காரர் சொன்னாலும், 80 பிளஸ் என்ற மின்திறன் சான்று பெற்ற, பெயர் தெரிந்த நிறுவனத்தின் 500 அல்லது 550 வொட் பவர் சப்ளையையே கேளுங்கள். ஆர்எக்ஸ் 6600 போட்ட கணினிக்கு அதற்கு மேல் தேவையில்லை. 750 வொட்டுக்குப் பணம் கொடுப்பதும் வீண்.

ராமில் 16 ஜிபி வேண்டும், அதுவும் ஒரே துண்டாக அல்லாமல் 8 ஜிபி துண்டுகள் இரண்டாக வேண்டும். இரண்டு துண்டுகள் இருக்கும்போது புரொசசர் இரண்டு வழியாகவும் ஒரே நேரத்தில் நினைவகத்தை எட்டுகிறது. 5600ஜி போன்று உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள புரொசசருக்குத் தனி வீடியோ நினைவகம் கிடையாது என்பதால், ஒற்றைத் துண்டு போட்டால் கேமின் வேகம் வெகுவாக விழுந்துவிடும். ராம் விலை ஏறியிருக்கும் இக்காலத்தில் பாவித்த டிடிஆர்4 ராம் வாங்குவது தவறில்லை. நகரும் பகுதிகள் இல்லாத அது எளிதில் தேய்வதில்லை. விலை உயர்ந்த டிடிஆர்5 ராம் தேவைப்படும் ஏஎம்5 வகைப் போர்டுகளை இந்தப் பட்ஜெட்டில் நாட வேண்டாம்.

சேமிப்பகத்துக்கு 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று போதும். பெரிய கேம் ஒன்றே 100 ஜிபியைத் தாண்டுவதால் ஒரே நேரத்தில் மூன்று நான்கு கேம்களுக்கு மேல் வைக்க இயலாது, ஆனால் இன்னொன்றைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஹார்ட் டிஸ்க்கில் கேம் வைக்கும் காலம் போய்விட்டது. மாத டேட்டா அளவு குறைந்த இணைப்பு உள்ளவர்கள், அதே கேமை வைத்திருக்கும் நண்பரின் கணினியிலிருந்து, ஒரே வைஃபையில் இருந்தபடி ஸ்டீம் வழியாகவே பிரதியெடுத்துக்கொள்ளலாம். 2023 முதல் அந்த வசதி இருக்கிறது.

ஐந்தாம் படி: பாவித்த கார்ட் வாங்குதல்

பணத்தை உண்மையில் மிச்சப்படுத்தக்கூடிய இடம் பாவித்த கிராபிக்ஸ் கார்ட்தான். ஏமாறக்கூடிய இடமும் அதுவே. 2022 செப்டெம்பர் 15இல் எத்தீரியம் என்ற மின்நாணயம் தன் முறையை மாற்றியபோது, அதுவரை நாணயம் தோண்ட இரவு பகலாக ஓடிய கார்ட்கள் உலகெங்கும் விற்பனைக்கு வந்தன. அப்படி ஓடியதாலேயே ஒரு கார்ட் கெட்டதாகிவிடாது, ஆனால் விசிறி தேய்ந்திருக்கும். வெப்பம் கடத்தும் பசை காய்ந்திருக்கும்.

இக்மன் போன்ற தளத்தில் கார்ட்டைக் கண்டால், பணம் அனுப்பாமல், அது கணினியில் பொருத்தி ஓடுவதை விற்பவரின் இடத்துக்கே நேரில் சென்று பாருங்கள். தனியாகப் போக வேண்டாம். முதலில் கார்ட்டைக் கையில் வாங்கி, கேபிள் செருகும் உலோகத் துளைகளைப் பாருங்கள். வெள்ளவத்தை, தெஹிவளை போன்று கடலை ஒட்டிய வீடுகளில் இருந்த கார்ட்களின் துளை ஓரங்களிலும் திருகாணித் தலைகளிலும் செம்பழுப்பாகவோ பச்சையாகவோ துரு பூத்திருக்கும். வெளியே அப்படியென்றால் உள்ளேயும் உப்புக் காற்று வேலை செய்திருக்கிறது என்று பொருள். விலை எவ்வளவு குறைவானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பின்னர் ஜிபியு இசட் என்ற இலவச மென்பொருளை யூஎஸ்பியில் கொண்டுபோய்த் திறந்து, கார்ட்டின் பெயரும் நினைவக அளவும் விளம்பரத்தில் சொன்னவையா என்று பாருங்கள். பழைய சிப்பின் பயோஸை (உள்ளிருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்கும் போலிகள் பல காலமாக உலவுகின்றன. அவற்றை அந்த மென்பொருள் பெரும்பாலும் போலி என்றே காட்டிவிடும். அந்தக் கார்ட் அடங்கும் என்விடியாவின் 10ஆம் தொடர் சிப்கள் அனலாக் சைகையை வெளியிடுவதில்லை. ஆகவே அந்தப் பெயருள்ள கார்ட்டில் நீல நிற விஜிஏ துளை இருந்தால் மேற்கொண்டு எதையும் சோதிக்க வேண்டியதில்லை. இவையெல்லாம் சரியென்றால், இருபது நிமிடமாவது ஒரு கனமான கேமை ஓட்டச் சொல்லுங்கள். திரையில் புள்ளிகளோ கோடுகளோ மின்னக் கூடாது, விசிறி கரகரக்கக் கூடாது, வெப்பம் 85 பாகைக்கு மேல் போய் அங்கேயே நிற்கக் கூடாது.

உண்மையான 10ஆம் தொடர் கார்ட்டாக இருந்தாலும் இப்போது வாங்க வேண்டாம். அந்தத் தொடருக்கான கேம் டிரைவர்களை (கார்ட்டை இயக்கும் மென்பொருளை) 2025 ஒக்டோபருடன் நிறுத்துவதாகவும், அதன்பின் 2028 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே தருவதாகவும் என்விடியா அறிவித்துவிட்டது. என்விடியாவின் 16ஆம் தொடரிலும் ஆர்எக்ஸ் 580 போன்ற பழைய ஏஎம்டி கார்ட்களிலும் ரே டிரேசிங் இல்லை. பாவித்ததில் ஆர்டிஎக்ஸ் 2060, ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 3060 ஆகியவற்றைத் தேடுங்கள்.

ஆறாம் படி: கடையில்

விலை கேட்கும்போது மூன்றைச் சேர்த்துக் கேளுங்கள்: வற் வரி உள்ளடங்கிய விலையா, காசாகக் கொடுத்தால் எவ்வளவு, வங்கிக் கார்டில் கொடுத்தால் எவ்வளவு. பல கடைகளில் இவை வெவ்வேறு. வட்டியில்லாத் தவணை என்று சொல்லப்படும் திட்டங்களில் காசு விலைக்கும் தவணை விலைக்கும் உள்ள இடைவெளிதான் வட்டி. அதைக் கணக்கிட்டுப் பார்த்து முடிவெடுங்கள். முழுக் கணினியாக வாங்கினாலும், ஒவ்வொரு பாகத்தின் பெயரும் மாதிரி எண்ணும் தொடர் இலக்கமும் பில்லில் தனித்தனியே எழுதப்பட வேண்டும். "கேமிங் பிசி 1" என்று ஒற்றை வரியில் எழுதிய பில், பின்னாளில் எதற்கும் பயன்படாது.

பில்லின் அடியில் சிறிய எழுத்தில் உள்ள உத்தரவாத நிபந்தனைகளை நின்று வாசியுங்கள். ஒரு வருட உத்தரவாதம் என்பதை 350 நாட்களாகக் கணக்கிடும் வழக்கம் இங்கே பல கடைகளில் உண்டு. எரிந்த தடம், உடைவு, துரு ஆகியவற்றுக்கு உத்தரவாதம் இல்லை என்ற வரியும் அநேகமாக இருக்கும். கடற்கரையோரம் வசிப்பவர்களுக்கு அந்தத் துரு என்ற சொல் முக்கியமானது. கடை தன் சொல்லைக் காப்பாற்றாவிட்டால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பில் அச்சிடும் தாள் நாளடைவில் வெளிறிவிடுவதால் அன்றைக்கே அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: வீட்டு மின்சாரம்

பழைய கட்டடங்களில், கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பல வீடுகளில் போல, மூன்று துளை பிளக் இருந்தும் எர்த் வயர் இல்லாமல் இருப்பதுண்டு. கேஸிங்கைத் தொடும்போது மெல்லிய அதிர்வு தெரிந்தால் கணினியை நிறுத்திவிட்டு மின்வேலை தெரிந்தவரை அழையுங்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமின்னல் வருவதால், வானம் கறுத்ததும் பிளக்கோடு ரூட்டரிலிருந்து வரும் கேபிளையும் கழற்றிவிட வேண்டும். மின்னல் அந்தக் கேபிள் வழியாகவும் நுழைந்து மதர்போர்டைத் தாக்கக்கூடும். 650 விஏ யூபிஎஸ் ஒன்று ஏறத்தாழ 360 வொட்டைத் தாங்கும். மின்சாரம் நின்றதும் கேமைச் சேமித்து ஒழுங்காக நிறுத்த அது தரும் சில நிமிடங்கள் போதும்.

மின்கட்டணத்தையும் முன்கூட்டியே பெற்றோருடன் பேசிக்கொள்வது நல்லது. 250 வொட் எடுக்கும் கணினியை நாளுக்கு மூன்று மணித்தியாலம் ஓட்டினால் மாதத்துக்கு ஏறத்தாழ 22 அலகுகள் கூடும். நம் கட்டணம் படிநிலையாக ஏறுவதால், எண்பது அலகில் இருந்த வீடு நூறைத் தாண்டும்போது அலகின் விலையுடன் நிலையான கட்டணமும் சேர்ந்து உயரும்.

கணினி வீட்டுக்கு வந்தபின்

மொனிட்டர் கேபிளை மதர்போர்டின் துளையில் அல்லாமல், கீழே கிடைமட்டமாக இருக்கும் கிராபிக்ஸ் கார்ட்டின் துளையில் செருகுங்கள். புதிதாக வாங்கியவர்கள் கேம் மெதுவாக ஓடுகிறது என்று அழைக்கும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான். அடுத்து, கணினி தொடங்கும்போது திறக்கும் பயோஸ் அமைப்புக்குள் சென்று எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி என்றிருப்பதை இயக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ராம் அதன் பெட்டியில் எழுதியுள்ள வேகத்துக்குக் குறைவாக ஓடக்கூடும். 100 ஹெர்ட்ஸ் மொனிட்டர் வாங்கியிருந்தால் விண்டோஸின் திரை அமைப்பில் அதைத் தெரிவு செய்யும் வரை அது 60இலேயே இருக்கலாம். டிரைவரை ஏஎம்டி அல்லது என்விடியாவின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கடலுக்கு அண்மையில் இருப்பவர்கள் கணினியைத் திறந்த ஜன்னலுக்குக் கீழே வைக்காமல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து சற்று உயரத்தில் வைத்து, மாதம் ஒருமுறை முன்பக்க வலையின் தூசியை மென்மையான தூரிகையால் தட்டிவிட வேண்டும். பாகங்களின் பெட்டிகளை, குறிப்பாகக் கார்ட்டின் பெட்டியை, எறிந்துவிடாதீர்கள். உத்தரவாதத்துக்கு எடுத்துச் செல்லும்போதும், பின்னர் அதை விற்றுவிட்டு இன்னொன்று வாங்கும்போதும் அது தேவைப்படும்.